உடனிருந்து உண்ணலும் உரையாடலும்: யாழ்ப்பாணத்து மிஷன் வரலாற்றில் ஒரு பக்கம்

இயேசு ஆயக்காரரோடும் பாவிகளோடும் ஒரே பந்தியில் இருந்து உண்டார் என்பது அவர்மீது சுமத்தப்பட்ட குற்றங்களுள் ஒன்று. நற்செய்தி நூல்களே இதனைப் பதிவு செய்துள்ளன. கலாத்தியருக்கு எழுதப்பட்ட நிருபத்தில் இன்னொரு செய்தி உண்டு. அந்தியோக்கியாவிலே புறச்சாதியாருடன் உண்டுவந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பந்தியை விட்டு விலகிக்கொண்டார். பவுல் அவரை நேரிலே கண்டித்தார். கிறித்தவத்தின் தொடக்ககால உட்பூசல் ஒன்று யார் யாருடன் உண்பது என்பதைப் பற்றியதாக இருந்தமை எமது கவனத்துக்குரியது. யாழ்ப்பாணத்துக்கு அச்சமயம் அமெரிக்கக் கப்பலில் வந்து சேர்ந்தபோது அதே பூசல் வேறு உருவில் அதற்காகக் காத்திருந்தது.

நண்பர்கள் கூடியிருந்து உண்ணும் வேளையிலே சமயத்தைப் பற்றி மனந்திறந்து பேசுதல் மிஷன் பணியின் சிறந்த வழிகளுள் ஒன்று எனச் சமய நூலார் கூறுவர். நாம் அதனை மறுக்கவில்லை. ஆயின், உரையாடலை மட்டும் எடுத்துக்கொண்டு சோற்றை மறந்துவிடுவது கருத்துமுதல்வாதிகளின் வழக்கம். சோறு எவருடைய குசினியில், எவர் நிலத்தில், எவர் கையாற் சமைக்கப்பட்டது என்ற வினாக்களுக்கு விடை கிடைத்த பின்னரே யாழ்ப்பாணத்தில் உரையாடல் தொடங்க முடிந்தது.

அமெரிக்க மிஷனரிமார் 1816 மார்ச்சில் கொழும்பை அடைந்தனர். அவ்வாண்டின் பிற்பகுதியில் டானியல் பூவர் தெல்லிப்பழையிற் குடியேறினார். பாடசாலை திறந்ததும் பிள்ளைகள் வந்தனர். விடுதிப் பாடசாலை என்றதும் சிக்கல் எழுந்தது. மாட்டிறைச்சி உண்போரின் வளவுக்குள் வேளாளப் பிள்ளை உண்பது எங்ஙனம்? எழுத்தைக் கற்பதில் தீட்டில்லை, சோற்றிலேதான் தீட்டு. ஆகவே மிஷன் வளவுக்கு அடுத்திருந்த சைவர் ஒருவரின் காணியில் சமையற் கொட்டில் அமைக்கப்பட்டது. பிள்ளைகள் அங்கே சென்று உண்டு, திரும்பி வந்து வேதபாடம் கேட்டனர். இலங்கையின் குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ற், 1850இல் வெளியான தமது இலங்கைக் கிறித்தவம் பற்றிய நூலில் இத்தகைய இணக்கங்களைக் குறித்துள்ளார். மிஷனரிமார் இதனைத் தற்காலிக விட்டுக்கொடுப்பு என்றே கருதினர். ஆயினும் அந்த வேலி, அதாவது பாடத்துக்கு ஒரு வளவும் சோற்றுக்கு ஒரு வளவும் என்ற பிரிவினை, யாழ்ப்பாணத்து நடுத்தர வர்க்கத்தின் மனத்திலே நீண்டகாலம் அகலாது நின்றது என்பது எமது கருத்து.

கிணற்றைப் பற்றியும் ஒரு கதை மிஷன் வட்டத்தில் வழங்கியது. மிஷன் வளவுக் கிணறு தீட்டுப்பட்டது எனப் பிள்ளைகள் கருதினர். அதனை முற்றாக இறைத்துவிட்டாற் புதிதாக ஊறும் நீர் தூயது எனத் துணிந்து இறைக்கத் தொடங்கினர். இறைக்க இறைக்க நீர் ஊறியது. ஈற்றில், முன்பு கிணற்றிலிருந்த அளவு நீரை இறைத்தாயிற்று, எஞ்சியது புது நீரே எனத் தமக்குள் முடிவு செய்துகொண்டு குடித்தனர். வாசகர் சிரிக்கலாம். எமக்கோ இக்கதை கருத்துநிலையின் இயக்கத்தைத் தெளிவாகக் காட்டுகிறது. விதி உடைக்கப்படவில்லை, தாகத்துக்கு ஏற்ப விளக்கப்பட்டது. சாதியொழுக்கம் பொருளியல் நெருக்கடியின்முன் எப்போதும் இவ்வாறே வளைந்திருக்கிறது, முறியாமல்.

1824இல் தொடங்கிய உடுவில் மகளிர் பாடசாலையோடு சேர்த்துச் சொல்லப்படும் கதையில் இத்தகைய நகைச்சுவை இல்லை. மிஷனரி ஒருவரின் வீட்டுக்கு வந்துபோகும் சிறுமியர் இருவர் ஒருநாள் பெருமழையில் அகப்பட்டுக்கொண்டனர். வீடு திரும்ப முடியவில்லை, பசி. மிஷனரியின் மனைவி உணவு கொடுத்தார். மூத்தவள் மறுத்தாள், இளையவள் உண்டாள். தேடிவந்த தாய் செய்தி அறிந்து, இனி இவளை எவர் மணம் முடிப்பார், நீங்களே வைத்து வளருங்கள் என்று விட்டுச் சென்றாள் என்பது கதை. மிஷன் நூல்கள் இதனைத் தேவ வழிநடத்துதலாகச் சொல்கின்றன. ஒருவேளை உணவால் ஒரு பெண்பிள்ளையின் திருமணச் சந்தைப் பெறுமதி அற்றுப்போனது என்பதே இதன் சமூக உள்ளடக்கம். ஆண்பிள்ளைக்கு அடுத்த காணியிற் கொட்டில் கட்டிக்கொடுத்த சமூகம் பெண்பிள்ளைக்கு அந்த வழியையும் விடவில்லை. அவள் ஒரு குடும்பத்தின் நிலத்தையும் சீதனத்தையும் சாதியையும் காவிச்செல்பவள். அவளது உணவுக்குக் காவல் கடுமையாக இருந்தது இயல்பே.

பிள்ளைகளை அனுப்ப வேளாளர் ஏன் இணங்கினர்? விடையைச் சமய ஆர்வத்திலன்றி அரசாங்க உத்தியோகத்திலேயே தேட வேண்டும். ஆங்கிலம் கற்றவனுக்குக் கச்சேரியிலும் நீதிமன்றத்திலும் இடமிருந்தது. சிறு நிலவுடைமையாளருக்கு அது மண்ணை நம்பாத வருவாய். 1823இல் நிறுவப்பட்ட வட்டுக்கோட்டைச் செமினரி உணவும் உறைவிடமும் கொடுத்துக் கல்வியும் கொடுத்தது. அதற்கான பணம் அமெரிக்காவின் பக்திமான்களிடமிருந்து வந்தது. பணம் கொடுத்தவரின் பெயரோ, அவர் மதித்த ஒருவரின் பெயரோ பிள்ளைக்குச் சூட்டப்பட்டது. வைமன் கதிரவேற்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை, ஆர்ணல்ட் சதாசிவம்பிள்ளை ஆகிய பெயர்களை நாம் இலக்கிய வரலாற்றிற் சாதாரணமாக எழுதிச் செல்கிறோம். உண்ட சோற்றின் கணக்கு அப்பெயர்களின் முதற்பாதியில் இருக்கிறது.

எனினும், ஒரே கூரையின் கீழ் உண்டு உறங்கிய இளைஞரிடையே மலர்ந்த தோழமையும் விவாதமும் பொய்யானவையல்ல. 1841இல் வெளிவரத் தொடங்கிய உதயதாரகையை நடத்திய ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும் செமினரியின் மாணவரே. 1857இற் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் அங்கே கற்றவர்கள். இருவரும் பின்னாளிற் சைவத்துக்கு மீண்டனர். கிறித்தவ உரையாடல் அவர்களைக் கிறித்தவர்களாக வைத்திருக்கவில்லை. ஆனால் வாதிடவும், ஏட்டை ஏட்டோடு ஒப்பிடவும், எழுதி அச்சிடவும் பழக்கிவிட்டது. பாஸ்டனிலிருந்த தலைமைக்கு இந்த விளைவு உவப்பாக இருக்கவில்லை. றூபஸ் அண்டர்சன் தலைமையில் வந்த தூதுக்குழு, ஆங்கிலக் கல்வி உத்தியோகம் தேடுவோரை உருவாக்குகிறதேயன்றிச் சுவிசேஷகரை அல்ல எனக் கண்டு, 1855இற் செமினரியை மூடச் செய்தது. அக்கணிப்பு பிழையெனச் சொல்வதற்கில்லை.

இங்கே நாம் ஓர் அடிப்படையான எல்லையைச் சுட்ட வேண்டும். காலப்போக்கில் வேளாள மாணவன் மிஷன் வளவுக்குள் உண்ணப் பழகினான். வெள்ளையரோடு மேசையிலும் இருந்தான். தன் வயலில் நெல் விதைத்த பள்ளரோடும், தன் பனையில் ஏறிய நளவரோடும் இருந்து உண்ண அவன் பழகவில்லை. 1844இல் அடிமைமுறை சட்டப்படி நீக்கப்பட்ட பின்னரும் அடிமை குடிமை உறவு முற்றத்தில் நிலைத்தது. கூழ் வார்க்கும்போது வார்ப்பவர் நிமிர்ந்தும் ஏற்பவர் குனிந்தும் நின்றனர். கடலுக்கு அப்பாலிருந்து வந்தவனோடு உண்பது உயர்ச்சிக்கு வழி; வேலிக்கு அப்பாலிருந்து வருபவனோடு உண்பது உற்பத்தி உறவையே தொடுவது. முன்னதை மன்னித்த சமூகம் பின்னதை மன்னிக்கவில்லை.

யாழ்ப்பாண மிஷனிலிருந்து கிளைத்து 1834இல் உருவான அமெரிக்க மதுரை மிஷன் இவ்வினாவை நேரடியாக எதிர்கொண்டது. 1847 அளவில், மிஷன் ஊழியர் சாதி வேறுபாடின்றி ஒருங்கே உண்ண வேண்டும் என்பது அங்கே ஒரு சோதனையாக விதிக்கப்பட்டது. பலர் உண்ண மறுத்துப் பணியை இழந்தனர். அன்பின் விருந்து என்ற பெயரில் நிகழ்ந்த அப்பந்தியில் அன்பைவிட ஆணையே மிகுந்திருந்தது. ஆயினும், அந்த ஆணையாவது அங்கே பிறந்தது. வேளாளரையே பெரிதும் நம்பியிருந்த யாழ்ப்பாணத்துத் திருச்சபைகள் இந்த விடயத்தில் நெடுங்காலம் மெல்லவே நடந்தன.

அடுத்த பெரும் நகர்வு சபையிலிருந்தன்றி வாலிபரிடமிருந்து வந்தது. 1924இல் மாணவர் காங்கிரஸாகத் தோன்றிப் பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்ற இயக்கத்தின் முன்னணியில் நின்ற ஹன்டி பேரின்பநாயகம் கிறித்தவர். யாழ்ப்பாணக் கல்லூரி ஆசிரியர். சைவரும் கிறித்தவரும் தோழராய் இணைந்த அவ்வியக்கம் தீண்டாமையை எதிர்த்தது. 1927 நவம்பரிற் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்தது. அதன் மாநாடுகளிற் சாதி பாராது உடனிருந்து உண்டனர். அரசு நன்கொடை பெறும் பாடசாலைகளிற் சம ஆசனம் வேண்டும் என்ற விதி 1929, 1930 காலத்தில் வந்தபோது எதிர்ப்பும் மூண்டது; பாடசாலைகள் சில எரிக்கப்பட்டன. சம ஆசனம், சம போசனம் என்ற இரு சொற்களும் யாழ்ப்பாணத்து வழக்கில் அக்காலத்திலிருந்தே இணைந்து ஒலிக்கின்றன. வாங்கில் அருகிருந்தவன் நாளை பந்தியிலும் அருகிருப்பான் என்பதை எதிர்த்தோர் ஆதரித்தோரைவிடத் தெளிவாக உணர்ந்திருந்தனர்.

மருதனார்மடத்திற் 1939இல் தோன்றிய கிறிஸ்தசேவா ஆச்சிரமம், நிலத்தில் அமர்ந்து உண்ணும் எளிய வாழ்வைக் கிறித்தவ இலட்சியமாக்கியது. ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பு சோற்றைத் தன் வளவுக்கு வெளியே அனுப்பிய சமயம் சோற்றை வழிபாட்டின் அருகே கொண்டுவந்தது என்பது குறிப்பிடத்தக்கது. எனினும் ஆச்சிரமத்துப் பந்தி மனமுவந்து வந்தோரின் பந்தி. ஊர்ப் பந்தி அதனாற் குலையவில்லை.

முற்போக்காளராகிய நாமும் இவ்விடத்திற் சற்று அடக்கத்தோடு பேசுதல் நன்று. வர்க்க ஒற்றுமை பற்றி நள்ளிரவுவரை விவாதித்து, பசித்ததும் தோழர்கள் தத்தம் வீட்டுக்கே பிரிந்து சென்ற கூட்டங்கள் எம்மிடையேயும் நடந்துள்ளன. மிஷனரியின் கொட்டிலைப் பழிக்கும் உரிமை எம்மிற் பலருக்கு முழுமையாக இல்லை.

1957இற் சமூகக் குறைபாடுகள் தடைச்சட்டம் நிறைவேறிய பின்னரும் தேநீர்க்கடைகளிற் சிலருக்குச் சிரட்டையும் போத்தலும் தொடர்ந்தன. 1966 ஒக்டோபர் 21இற் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலம் பொலிசாரின் தடியடியை எதிர்கொண்டது. தொடர்ந்த ஆண்டுகளிற் சங்கானையிலும் பிற ஊர்களிலும் தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்கள் வெடித்தன, உயிர்களும் பலியாயின. கே. டானியல், டொமினிக் ஜீவா ஆகியோரின் எழுத்து இந்த மண்ணிலிருந்தே வலுப்பெற்றது. இருவரும் கிறித்தவக் குடும்பங்களிற் பிறந்தவர்கள். மதுரையில் 1847இல் மேலிருந்து விதிக்கப்பட்ட பந்தியை, சங்கானையில் மறுக்கப்பட்டவர்களே கேட்டு நின்றனர். கடைக்குள் நுழைந்து, வாங்கில் அமர்ந்து, மற்றவருக்குக் கொடுக்கும் அதே கண்ணாடிக் குவளையில் தேநீர் தா என்றனர்.