பி.சி.ஜி. தடுப்பூசியும் பிறவி நோயெதிர்ப்புக் குறைபாடும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

திருச்சிராப்பள்ளியின் தில்லை நகர் மருத்துவமனைகள் மிகுந்த பகுதி. அடிக்கடி நோயுறும் கைக்குழந்தையை அங்குக் கொண்டுவரும் தாயிடம் மருத்துவர் தடுப்பூசி விவரம் கேட்பது வழக்கம். பிறந்தவுடன் இடப்படும் பி.சி.ஜி. பிறவி நோயெதிர்ப்புக் குறைபாட்டைக் கண்டறியும் வரலாற்றில் பெறும் இடத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

இராஜாஜியின் எதிர்ப்பு

காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. திட்டம் இந்தியாவில் 1948இல் தொடங்கிற்று. சென்னை கிண்டியில் தடுப்பூசி ஆய்வகமும் அமைந்தது. உயிருள்ள நுண்ணுயிரியை நலமான குழந்தைகளுக்குச் செலுத்துவதை எதிர்த்து இராஜாஜி 1955இல் நூல் வெளியிட்டார். திட்டம் தொடர்ந்தது. குழந்தைகளைக் கொல்லும் மூளைக் காசநோயைத் தடுப்பதில் அதன் பயன் பின்னர் உறுதிப்பட்டது.

குறைபாடு அறியப்பட்டமை

1952இல் அமெரிக்க இராணுவ மருத்துவர் ஆக்டன் புரூட்டன், மீண்டும் மீண்டும் கடுந்தொற்றுக்கு உள்ளான எட்டு வயதுச் சிறுவனின் குருதியில் காமா குளோபுலின் இல்லாமையைக் கண்டறிந்தார். 1996இல், பி.சி.ஜி. கிருமி உடலெங்கும் பரவிய குழந்தையொன்றில் இன்டர்பெரான் காமா ஏற்பியின் மரபணுப் பிழை கண்டறியப்பட்டது. ஊசியிட்ட இடத்தில் சிறு புண் தோன்றி ஆறுவது இயல்பு; கிருமி உடலெங்கும் பரவுதல் பிறவிக் குறைபாட்டின் அறிகுறியாகலாம். ஆகவே தீங்கு எல்லாக் குழந்தைகளுக்கும் உரியதன்று. மிகச் சிலருக்கே உரியது. இவ்வேறுபாட்டை அறியும் கருவி 1955இல் எத்தரப்பினரிடமும் இல்லை.

உறவுமுறையும் நோயறிதலும்

எக்ஸ் குரோமோசோம் வழி வரும் குறைபாடுகள் தாய்வழியே ஆண் குழந்தைகளைத் தாக்குவன. எனவே சிறுவயதில் இறந்த தாய்மாமன் பற்றிய செய்தி மருத்துவச் சான்றாகிறது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் வரும் குறைபாடுகளோ மாமன், அத்தை மக்களிடையே நிகழும் மணங்களில் மிகுதியாக வெளிப்படும். ‘தங்காத பிள்ளைகள்’ எனக் குடும்பம் மறக்க முயலும் இறப்புகளே ஆவணங்களாகின்றன. கைக்குழந்தையின் லிம்போசைட் எண்ணிக்கை மிகக் குறைந்திருத்தலை எளிய குருதிப் பரிசோதனையே காட்டும்; ஐயமுற்றால்தான் அது கவனிக்கப்படும்.

முடிவுரை

இராஜாஜியின் ஐயத்துக்குரிய விடை தடுப்பூசியைக் கைவிடுதலன்று. ஊசியிடும் முன் குடும்ப வரலாற்றைக் கேட்டலே ஆகும். முன்னர்க் குழந்தையை இழந்த தாய்க்கு அடுத்துப் பிறக்கும் மகவின் உயிரை அக்கேள்வி காக்கக்கூடும்.