கால் தளர்ந்த வேட்டைக்காரரும் குட்டை நாயும்

மோப்ப நாயை விட்டு வேட்டையாடும்போது நாய் ஓடினால் மட்டும் போதாது. பின்னாலேயே மனிதனும் போயாக வேண்டும். நாயின் வேகத்துக்கு அவன் ஈடுகொடுக்காவிட்டால், நாய் ஒரு பள்ளத்தாக்கில் குரைத்துக்கொண்டிருக்க அவன் வேறொன்றில் மூச்சு வாங்க நிற்பான். இளமையில் இந்தக் குறையைக் குதிரை தீர்த்தது. குதிரையேறி வேலி தாண்ட உடம்பு இடம் கொடுக்காத வயது வந்தபோது இரண்டு வழிகள் இருந்தன: குதிரைக்குப் பதில் வண்டி, அல்லது வேகமான நாய்க்குப் பதில் மெதுவான நாய். ஐரோப்பிய வேட்டை வரலாற்றில் இரண்டுக்கும் சான்று உண்டு. பீகிள், பாசெட், காக்கர் ஸ்பானியல் என இன்று உலகமெங்கும் அறியப்படும் சிறு இனங்கள் நிலைத்ததற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

முதல் வழி அரசர்களுக்கானது. பிரான்சின் பதினான்காம் லூயி 1683-இல் ஃபோன்தேன்ப்ளோ காட்டில் வேட்டையின்போது குதிரையிலிருந்து விழுந்து கையில் காயமடைந்தார். அதற்குப் பிறகு, நான்கு சிறு குதிரைகள் பூட்டிய இலகுவான வண்டியைத் தாமே ஓட்டிக்கொண்டு மான் வேட்டைக்குப் பின்னால் போனார் என்று அரசவைக் குறிப்புகள் எழுதிய சேன் சிமோன் பதிவு செய்திருக்கிறார். வண்டி போக வசதியாகக் காட்டுக்குள் நேர்ச்சாலைகள் இருந்தன; நாய்கள் முன்போலவே உயரமானவை, வேகமானவை. காட்டையே தன் வசதிக்கு வெட்டிக்கொள்ள முடிகிறவருக்கு நாயை மாற்ற வேண்டிய அவசியம் இல்லை.

அவருக்கு நூறாண்டுக்கு முன்பே சிறிய நாய்கள் அங்கே இருந்தன. ழாக் து ஃபூயு என்ற பிரபு 1561-இல் வெளியிட்ட வேட்டை நூலில் பாசெட் பற்றிய விவரம் வருகிறது. நரியையும், பேட்ஜர் என்னும் வளை தோண்டும் விலங்கையும் மண்ணுக்குள்ளேயே போய் மறிக்கும் குட்டைக்கால் நாய்கள் அவை. அந்த வேட்டைக்கு நடையும் வேண்டாம், குதிரையும் வேண்டாம். நூலின் படமொன்றில் பிரபு வண்டியில் போகிறார். நாய்களும் கூடவே போகின்றன. தரையில் படுத்து, மண்ணுக்கடியில் நாய் எந்தப் பக்கம் குரைக்கிறது என்று காது வைத்துக் கேட்க வேண்டும் என்பதால் விரிப்புகளையும் காற்றடைத்த தோல் மெத்தையையும் எடுத்துப்போகச் சொல்கிறார் ஆசிரியர். மண்ணைத் தோண்டுவது வேலையாட்கள்.

இங்கிலாந்தில் இதே இடத்தைப் பிடித்தது பீகிள். முதலாம் எலிசபெத் அரசி மிகச் சிறிய பீகிள்களை வைத்திருந்தார். கையுறைக்குள் அடங்கும் அளவுக்குச் சிறியவை உண்டு என்று 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்வேஸ் மார்க்கம் எழுதினார்; அதில் மிகை கலந்திருக்கலாம். ஆனால் நாய் வைத்திருக்க ஆசை மட்டும் போதாது. 1671-ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டப்படி, ஆண்டுக்கு 100 பவுண்டு வருமானம் தரும் சொந்த நிலம் போன்ற தகுதி உள்ளவர்களுக்கே வேட்டை உரிமை. 1831-இல் புதிய சட்டம் வரும்வரை இந்தக் கட்டுப்பாடு நீடித்தது. ஆகவே முதுமையில் பீகிளுக்கு மாறியவர் என்றால் பெரும்பாலும் கையில் நிலமும் காலில் கீல்வாதமும் உள்ளவர்தான்.

பீகிளை முதியவர்கள் பக்கம் ஒதுக்கியது நரி வேட்டையின் வளர்ச்சி. ஹ்யூகோ மெய்னெல் 1753 முதல் லெஸ்டர்ஷயரில் நரி வேட்டை நாய்களை வளர்க்கத் தொடங்கிய பிறகு, வேகமே வேட்டைக்கு அழகு என்றாகிவிட்டது. புல்வெளிகளில் குதிரைகள் நாலுகால் பாய்ச்சலில் போக, முயலின் தடத்தைப் பிடித்துக்கொண்டு அரை நாள் முனகும் பீகிள் இளைஞர்களுக்குக் கேலிப்பொருளாயிற்று. கிராமப் பாதிரியார், விவசாயி, ஓய்வுபெற்ற படை அதிகாரி ஆகியோரிடம் அது தங்கியது. வயதாலோ நோயாலோ கடும் வேட்டைக்குப் போக முடியாதவர்களுக்கும் பெண்களுக்கும் உகந்த நாய் என்றே 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து ஆங்கில வேட்டை நூல்கள் பீகிளைக் குறிப்பிடுகின்றன. மட்டக் குதிரையில் நடையாகவே போனாலும் அதைப் பின்தொடரலாம்.

இந்த ஒதுக்கலில் ஓர் அநியாயம் இருந்தது. முயல் வேட்டையில் மெதுவான நாய்க்குத்தான் வேலை அதிகம். தொடக்க ஓட்டத்தில் எந்த மோப்ப நாயையும் முயல் பின்தள்ளிவிடும். ஆனால் அது நேராக ஓடிக்கொண்டே இருப்பதில்லை. பெரிய வட்டமிட்டு வரும். வந்த தடத்திலேயே சிறிது தூரம் திரும்பி ஓடும். பிறகு பக்கவாட்டில் ஒரு தாவு தாவி, உழவுச்சாலில் காதை மடக்கிப் பதுங்கிக்கொள்ளும். வேகமான நாய்கள் அந்தத் திருப்பத்தைத் தாண்டி ஓடிவிடும். பீகிள் கூட்டம் வாசனை அறுந்த இடத்தில் நின்று, விசிறிபோல் பரவி, புல்லில் மூக்கைப் புதைத்து ஒவ்வொரு அடியாகத் தேடும். ஏதோ ஒரு நாய் தயங்கித் தயங்கி ஒரு குரல் கொடுக்கும். அது நம்பத்தக்க நாய் என்றால் மற்றவை ஓடிவந்து அதே இடத்தில் மூக்கை வைத்துத் தாமும் குரல் கொடுக்கும். இங்கிலாந்தின் தெற்கே உள்ள மரமற்ற சுண்ணக்கல் குன்றுகளில் இதை முழுவதும் ஒரே மேட்டில் நின்று பார்க்க முடியும். முயல் வட்டமிடுவதால் கூட்டமும் திரும்பி வரும். நடக்க முடியாதவருக்கு இதைவிட வசதி எது?

பீகிளின் குரல் இந்த வேட்டைக்காகவே தேர்ந்து வளர்க்கப்பட்டது. நாய் எங்கே இருக்கிறது, தடம் சூடா பழசா என்பதை வெகு தொலைவிலிருந்தே அது ஆளுக்குச் சொல்ல வேண்டும். சென்னை அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பக்கத்து வீட்டார் புகார் சொல்லும் பீகிள் ஊளைக்கும் மூலம் அதுதான்.

பீகிள் முதியவர்களிடம் தங்கியிருந்த காலத்துக்குக் கர்னல் ஹார்டி என்பவரின் கூட்டம் நல்ல சான்று. பத்து அல்லது பதினோரு சோடி நாய்கள். அத்தனையையும் ஒரே குதிரையின் இருபுறமும் தொங்கவிட்ட இரண்டு பெரிய பொதிக்கூடைகளில் ஏற்றி வயலுக்குக் கொண்டுபோவார்கள், வேட்டை முடிந்ததும் அப்படியே திருப்பிக் கொண்டுவருவார்கள். உருவம் சின்னதானாலும் முயலை விடாமல் துரத்திக் களைக்கவைத்தன. அவற்றுக்கென ஒரு சிறு களஞ்சியமே பட்டியாக இருந்தது. ஓர் இரவு யாரோ கதவை உடைத்து எல்லா நாய்களையும், கூடவே அந்தப் பொதிக்கூடைகளையும் திருடிக்கொண்டு போய்விட்டார்கள். கூட்டம் முழுவதையும் இரண்டு கூடைகளில் தூக்கிப்போக முடிவதில் இப்படியும் ஓர் ஆபத்து இருந்தது.

1830-களில் எசெக்ஸில் ஃபிலிப் ஹனிவுட் என்ற பாதிரியார் சேர்த்த கூட்டத்திலிருந்தே இன்றைய பீகிள் இனம் உருவானதாகக் கருதப்படுகிறது. அவரது நாய்கள் சுமார் 10 அங்குல உயரம். நூற்றாண்டின் நடுப்பகுதியில் கதை எதிர்ப்பக்கம் திரும்பியது. குதிரை வைத்துக்கொள்ள வசதியில்லாத மாணவர்கள் பீகிளின் பின்னால் ஓடத் தொடங்கினார்கள்: ஈட்டன் பள்ளியின் கூட்டம் 1858-இல், கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் கூட்டம் 1862-இல். இளைஞர்கள் ஓட, முதியவர்கள் மேட்டில் நின்று பார்க்க, ஒரே நாய் இரு தரப்புக்கும் போதுமானதாயிற்று. பீகிள் சங்கம் 1890-இல் அமைந்தது.

பிரான்சில் சிறிய நாய்களுக்குப் பெருகிய தேவைக்குக் காரணம் முதுமை அல்ல, புரட்சி. 1789 ஆகஸ்ட் 4 இரவு, பிரபுக்களின் தனி வேட்டை உரிமை ஒழிக்கப்பட்டது. நிலம் உள்ளவர் எவரும் தம் நிலத்தில் வேட்டையாடலாம் என்றானது; 1844-இல் உரிமச் சீட்டு கட்டாயமானது. புதிதாக உரிமை பெற்ற விவசாயிக்குக் குதிரையும் இல்லை, ஐம்பது நாய் வைக்கும் பட்டியும் இல்லை. இரண்டு மூன்று பாசெட், ஒரு துப்பாக்கி, சொந்தக் கால் ஆகியவைதான் அவர் முதலீடு. பெரிய நாய் துரத்தினால் முயல் தலைதெறிக்க ஓடிவிடும். பாசெட் துரத்தினால் அடிக்கடி நின்று காதைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போகும். சுடுகிறவருக்கு அந்த நிற்றல்தான் வேண்டும். வந்தே, பிரித்தானி, கஸ்கோன், ஆர்த்துவா என்று வட்டாரத்துக்கு ஒரு பாசெட் வளர்ந்தது இப்படித்தான். வந்தே பகுதியின் சிறிய கிரிஃபோன் பாசெட் 34 முதல் 38 சென்டிமீட்டர் உயரம். முள்புதருக்குள் புகுந்து வர அதன் முரட்டு முடி காப்பு.

பாசெட்டின் கால் குட்டையானதன் காரணம் 2009-இல்தான் தெளிவாயிற்று. எஃப்ஜிஎஃப்4 என்னும் மரபணுவின் கூடுதல் நகலொன்று பாசெட், டாக்ஸ்ஹுண்ட், கார்கி முதலிய இனங்களில் எலும்பு வளர்ச்சியை முன்கூட்டியே நிறுத்திவிடுகிறது என்று அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். கால் மட்டும்தான் குறுகுகிறது. தலை, மார்பு, எடை எல்லாம் பெரிய நாய்க்குரியவை. ஆங்கிலேயர் வளர்த்தெடுத்த பாசெட் ஹவுண்ட் 30 கிலோவை எட்டும். முதியவர் ஒருவர் இதை வண்டியில் தூக்கி ஏற்றினால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும். மெதுவாக ஓடும் நாய் வேண்டும் என்றால் பாசெட் சரி. தூக்க எளிதான நாய் வேண்டும் என்றால் உடம்பு முழுவதுமே சிறுத்த பீகிள்தான் சரி. நாய் வாங்குகிறவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்கத் தவறுவது இன்றும் நடக்கிறது.

அமெரிக்காவில் பீகிளை நிலைநாட்டியவர் உள்நாட்டுப் போரில் பங்கேற்ற தளபதி ரிச்சர்ட் ரோவெட். இல்லினாய் மாநிலத்தின் கார்லின்வில் ஊரில் இருந்த அவர் 1870-களில் இங்கிலாந்திலிருந்து நாய்களை வரவழைத்தார். அந்த நாட்டுக் காட்டன்டெயில் முயல் தன் சிறிய வட்டாரத்தை விட்டுப் போவதில்லை. துரத்தினால் சுற்றிக்கொண்டு கிளம்பிய இடத்துக்கே வரும். வேட்டைக்காரர் அங்கேயே ஒரு மரக்கட்டையில் அமர்ந்திருந்தால் போதும். நாய்களை 13 அங்குலத்துக்குள், 13 முதல் 15 அங்குலம் என இரு உயரங்களாகப் பிரித்துப் போட்டியிடும் வழக்கமும் அங்கே ஊன்றியது.

பறவை வேட்டையில் இதே தேர்வு ஸ்பானியல்களுக்கிடையே நடந்தது. இங்கிலாந்தில் ஒரே ஈற்றுக் குட்டிகளில் 25 பவுண்டுக்குக் குறைந்தது காக்கர் என்றும் மிஞ்சியது வேறு ஸ்பானியல் என்றும் எண்ணப்பட்ட காலம் உண்டு. 1901-இல் அந்த எடை வரம்பு நீக்கப்பட்டது. அதன் பிறகே இனங்கள் உண்மையில் பிரிந்தன. அமெரிக்காவின் தென் கரோலினாவில் தேவை ஆற்றிலிருந்து வந்தது. வாட்டரீ ஆற்றுச் சதுப்பில் வாத்தும் வான்கோழியும் சுடப் போனவர்களின் படகு சிறியது. கனத்த நாய் தாவினால் கவிழும். ஸ்பார்டன்பர்க் நகரில் தேவாலயத்துக்கு வெளியே கிடைத்த தெருநாய் ஒன்று விட் பாய்கின் என்பவரிடம் போய்ச் சேர்ந்தது. அதன் வழியில் வந்த பாய்கின் ஸ்பானியல் ஏறக்குறைய 11 முதல் 18 கிலோ. 30 கிலோவைத் தாண்டும் ஆண் லாப்ரடாரில் பாதி. 1985-இல் அது மாநிலத்தின் நாயாக அறிவிக்கப்பட்டது.

எந்த இனமானாலும் முதியவர் போட வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. சிறு வேட்டை நாய் 12 முதல் 15 ஆண்டு வாழும். 62 வயதில் குட்டி வாங்குகிறவர் அதன் கடைசிப் பருவத்தில் 75 வயதைத் தொடுவார். அவர் நாய் தேர்வது அன்றைய காலுக்கு அல்ல, பத்தாண்டு கழித்து இருக்கப்போகும் காலுக்கு. இந்தக் கணக்கின் குறையும் சொல்லப்பட வேண்டும்: சிறிய நாய் ஆழ்ந்த பனியிலும் குளிர்ந்த நீரிலும் சீக்கிரம் சோரும், வளர்ந்த முயலைக் கவ்வித் தூக்கிவரக் காக்கர் திணறும். வாத்துக்காகப் பனிக்கால ஏரியில் இறங்குகிறவர்கள் வயதானாலும் லாப்ரடாரை விடாததற்குக் காரணம் அதுதான்.

பாசெட்களின் பிழைப்பைக் கெடுத்ததும் ஒரு முதியவர்தான். பணியிலிருந்து ஓய்ந்த பிரெஞ்சு நுண்ணுயிரியலாளர் அர்மான் தெலீய் 1952-இல், எழுபதைத் தாண்டிய வயதில், மய்புவா தோட்டத்தில் தொல்லை தந்த, வளையில் வாழும் குழிமுயல்களை ஒழிக்க மிக்ஸோமட்டோசிஸ் கிருமியைப் புகுத்தினார். சுற்றுச்சுவரைத் தாண்டிய நோய் சில ஆண்டுகளில் பிரான்சின் குழிமுயல்களில் பெரும்பகுதியைக் கொன்றது. 1953-இல் இங்கிலாந்திலும் பரவியது. அவருக்கு முதலில் அபராதமும் பின்னர் பதக்கமும் கிடைத்தன. முயல் இல்லாமல்போன பாசெட்கள் மானுக்கும் காட்டுப்பன்றிக்கும் பழக்கப்பட்டன. பன்றி துரத்தும் சிறு நாய்கள் பல இன்று தடித்த காப்புக் கவசம் அணிந்தே புதருக்குள் இறங்குகின்றன.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாய்களை விட்டு முயல் வேட்டையாடுவது 2005 பிப்ரவரி 18 முதல் சட்டவிரோதம். நில உரிமையாளரின் அனுமதியோடு குழிமுயலையும் எலியையும் பிடிக்க விலக்கு இருக்கிறது. அதனால் பீகிள் கூட்டங்கள் அங்கே முன்கூட்டி இட்டுவைத்த வாசனைத் தடத்தைப் பின்தொடர்கின்றன.