ரொபோ போட்டிகளில் விதிகள் மாறிய கதை

 

ரொபோ செய்யும் ஆர்வம் இப்போது எமது உக்குவளைப் பிள்ளைகளிடமும் வந்திருக்கிறது. பெற்றோர் எம்மிடம் முதலில் கேட்பது, "போட்டியில் இடம் வருமா?" என்பதுதான். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அந்தப் போட்டியின் விதி பிள்ளைகளிடம் எதை எதிர்பார்க்கிறது? இதற்கு உலகின் பழைய பாடசாலை ரொபோ போட்டி ஒன்றின் வரலாறு நல்ல பதில் தருகிறது.

1992இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், ஒரு பாடசாலையின் உள்ளக விளையாட்டு மண்டபத்தில் 'ஃபர்ஸ்ட்' அமைப்பின் முதல் போட்டி நடந்தது. வந்தவை 28 அணிகள். அமைப்பைத் தொடங்கியவர் டீன் கேமன் என்ற கண்டுபிடிப்பாளர். அவருக்குத் துணை நின்றவர் எம்.ஐ.டி. பேராசிரியர் வூடி ஃபிளவர்ஸ். களத்தில் சோள மணிகளைக் கொட்டி, அதன்மேல் ரொபோக்களை ஓடவிட்டு டெனிஸ் பந்துகளைச் சேர்க்கச் சொன்னார்கள். ஒவ்வோர் அணியும் தனக்காக மட்டுமே ஆடியது.

அதன்பின் பெரும்பாலும் ஒவ்வொரு வருடமும் புது விளையாட்டு. சென்ற வருட ரொபோவைத் துடைத்து எடுத்துக்கொண்டு போக முடியாது. பணக்காரப் பாடசாலையும் சிறிய பாடசாலையும் ஒரே நாளில்தான் புதிய விதியைப் படிக்கத் தொடங்க வேண்டும்.

1999இல் பெரிய மாற்றம் வந்தது. இரண்டு அணிகள் ஒரு கூட்டணியாகி, வேறு இரண்டு அணிகளை எதிர்த்தன. இந்த ஆட்டத்தில் எதிரில் நிற்பவர் அடுத்த ஆட்டத்தில் எமது பக்கம் வரலாம். ஆகவே அவரது மோட்டர் பழுதானால் உதவுவது எமக்கும் நன்மை. 2005 முதல் கூட்டணிக்கு மூன்று அணிகள்.

இடையில், 2001இல் இன்னும் ஒரு படி மேலே போய்ப் பார்த்தார்கள். நான்கு அணிகளும் ஒரே பக்கம். எதிரணியே இல்லை, கடிகாரம் மட்டும்தான். விரைவாக முடித்தால் புள்ளி பெருகும். ஆனால் 2002இல் மீண்டும் எதிரணி வந்தது. 2015இலும் இதைப் போன்ற ஒரு முயற்சி நடந்தது. இரு கூட்டணிகளும் தத்தமது பக்கத்தில் பெட்டிகளை அடுக்கின, மோதலுக்கு இடமில்லை. அடுத்த வருடமே கோட்டையைத் தாக்கும் விளையாட்டு வந்தது. தனி ஆட்டமும் நிலைக்கவில்லை, எதிரணி இல்லாத ஆட்டமும் நிலைக்கவில்லை. போட்டிக்குள்ளேயே ஒத்துழைப்பு என்ற நடுவழிதான் நிலைத்தது.

எம்மை அதிகம் கவர்ந்தது 2014ஆம் ஆண்டு விதி. பந்தை ஒரே ரொபோ தனியாகக் கொண்டுபோய்ப் போட்டால் கூட்டு முயற்சிக்கான மேலதிகப் புள்ளி இல்லை. இரண்டு ரொபோக்கள் கைமாற்றினால் 10, மூன்றும் பங்கெடுத்தால் 30. பலவீனமான ரொபோவை ஓரத்தில் நிறுத்தினால் நட்டம் கூட்டணிக்குத்தான். ஒற்றுமை பற்றி ஒரு மணிநேரம் பேசியும் கிடைக்காத பலன் இந்த ஒரு விதியில் கிடைத்துவிடுகிறது.

2017இல் வாஷிங்டனில், நாட்டுக்கு ஓர் அணி என்ற முறையில் 'ஃபர்ஸ்ட் குளோபல்' போட்டி தொடங்கியது. முதல் வருடத்தின் கருப்பொருள் தண்ணீர். நீலப் பந்து நல்ல நீர், செம்மஞ்சள் பந்து அசுத்தம். இரண்டையும் பிரிக்க வேண்டும். இந்தக் கருப்பொருள் எமது பிள்ளைகளுக்குப் புதிதல்ல. பொல்கொல்லையில் திருப்பப்படும் மகாவலி நீர், 1976 முதல் சுமார் 8 கிலோமீற்றர் சுரங்கத்தின் வழியே எமது ஊர் மின்நிலையத்துக்கு வந்து, மின்சாரம் தந்து, சுது கங்கையில் சேர்கிறது. இதைவிட நல்ல ரொபோ விளையாட்டுக் களத்தை எங்கே தேடுவது?

இப்போது எமது வகுப்பறைக்கு வருவோம். குழுவேலை என்று கொடுத்தால் பெரும்பாலும் நடப்பது என்ன? கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று எல்லாவற்றையும் செய்யும். மற்ற நான்கு பிள்ளைகளும் பார்த்துக்கொண்டு நிற்கும். சான்றிதழில் மட்டும் ஐந்து பெயர். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் காலத்திலிருந்தே "நான் எத்தனையாம் இடம்?" என்று பழகிய பிள்ளைகளை இதில் குறை சொல்ல முடியாது. விதியை எழுதும் பெரியவர்கள் நாம்தான்.

எனவே விலையுயர்ந்த பொருட்கள் வாங்குவதற்கு முன் விதியை முடிவு செய்வோம். பழைய மோட்டர், மட்டை, பந்து போதும். குலுக்கல் முறையில் இரு குழுக்களைச் சேர்ப்போம். எல்லோரது கையும் பட்டால்தான் முழுப் புள்ளி என்போம். ஓரத்தில் நிற்கும் அந்த நான்கு பிள்ளைகளில் நாளைய பொறியியலாளர் இருக்கலாம்.

பொறியியல், தொழினுட்பத் துறைகளில் இருக்கும் எமது பழைய மாணவர்கள் மாதத்தில் ஒரு சனிக்கிழமையாவது நேரம் ஒதுக்க முடியுமானால் இங்கே பதிவிடுங்கள். பெற்றோரும் தமது கருத்தைச் சொல்லுங்கள். விதியை எல்லோரும் சேர்ந்தே எழுதுவோம், இன்ஷா அல்லாஹ்.