கண்டிச்சீமைக்குப் போனவங்களும் வராத பதிலும்

எங்க வீட்டுப் பரணில் ஒரு தகரப்பெட்டி கெடந்தது. அத்தையோட பெட்டி. 1976இல் தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பேர் பதிந்து, அம்பாசமுத்திரத்துக்குக் கிழக்கே ஆற்றங்கரையில் இருக்கிற எங்கள் சேரிக்கு வந்து சேர்ந்தபோது அவள் தலையில் சுமந்து வந்தது. உள்ளே நகை இல்லை, துணி இல்லை. எல்லாம் காகிதம். அத்தைக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். ஆனால் எந்தக் காகிதம் எந்த வருசத்துது என்று மடிப்பைப் பார்த்தே சொல்லுவா. சின்னப் பயல்கள் நாங்கள் பெட்டிப் பக்கம் போனால், "தொடாதல. எங்கப்பன் ஆயுசு பூரா அதுக்குள்ளதான் கெடக்கு" என்று சத்தம் போடுவா.

அத்தை என்றால் என் அப்பாவுக்குப் பெரியப்பா மகள். பிறந்தது நுவரெலியாப் பக்கத்து லயத்தில்.

மலையகத் தமிழரின் வரலாறு நமக்கு ஒப்பந்தங்களின் வரலாறாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. நேரு கையெழுத்துப் போட்டார், சாஸ்திரி கையெழுத்துப் போட்டார், இந்திரா கையெழுத்துப் போட்டார். ஒரு கையெழுத்துக்கும் அடுத்த கையெழுத்துக்கும் நடுவில் லயத்தில் குந்தியிருந்தவர்களைப் பற்றி நாலு வரி இருந்தால் அதிகம். அந்த மக்களில் பெரும்பான்மையோர் பள்ளர், பறையர், சக்கிலியர் என்பதையும் நம்முடைய ஆய்வாளர்கள் 'தொழிலாளர்' என்ற ஒரு சொல்லைப் போட்டு மூடிவிடுகிறார்கள். காத்திருப்பு என்பது ஏதோ ஃபைல் தூங்கிப்போன சங்கதி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அத்தையின் பெட்டியைத் திறந்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. காக்கவைத்ததே ஒரு வேலைத் திட்டமாக இருந்திருக்கிறது.

முதலில், போனது எவ்வளவு வேகமாக நடந்தது என்று பார்க்க வேண்டும். நெல்லைச் சீமையிலிருந்து ஆரம்பத்தில் தூத்துக்குடி வழியாகத்தான் ஆள் போனது. அதற்காகத் தட்டப்பாறையில் ஒரு முகாம் இருந்தது. 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் ஓடத் தொடங்கிய பிறகு மண்டபம் வாசலாயிற்று. முகாமில் உடம்பைப் பார்த்து, மருந்துத் தண்ணியில் குளிக்க வைத்து, தோட்டத்து எண் குத்திய தகரத் துண்டு ஒன்றைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டினார்கள். அந்தத் தகரம்தான் டிக்கெட், பாஸ்போர்ட், விசா எல்லாம். எங்க பெரிய தாத்தா 1920களில் கங்காணி பின்னால் போனபோது பிறந்த தேதி யாரும் கேட்கவில்லை. தாத்தன் எங்கே பிறந்தான், பூட்டன் எங்கே பிறந்தான் என்று கேட்கவில்லை. தேயிலைக்கு ஆள் வேண்டும், போய்ச் சேர்ந்தார். (பழைய நூல்களில் இலங்கைக்குத் தம்பபண்ணி என்று பெயர். நம்ம ஆற்றின் பெயரும் அதுவும் ஒன்று என்று பண்டிதர்கள் பெருமை பேசுவார்கள். அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு எங்க தாத்தா ஒரு நாள் கூட லீவு வாங்க முடியவில்லை.)

கேள்விகள் எல்லாம் 1948இல் வந்தன. இலங்கை சுதந்திரமடைந்த அந்த வருசமே, நவம்பர் 15இல், பிரசாவுரிமைச் சட்டம் அமலுக்கு வந்தது. அங்கே பிறந்தால் மட்டும் போதாது. அப்பன் அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது அப்பனைப் பெற்ற தாத்தனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். பெரிய தாத்தா பிறந்தது தாமிரபரணிக் கரையில். ஆகவே லயத்தில் பிறந்து, லயத்தில் வளர்ந்து, பத்து வயதில் கொழுந்து பறிக்கப் போன அத்தை அந்நியப்பெண் ஆனாள். 1947 தேர்தலில் தோட்டத்து மக்கள் இலங்கை இந்தியன் காங்கிரஸிலிருந்து ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தார்கள். 1949இல் தேர்தல் சட்டத்தைத் திருத்தி அந்த ஓட்டையும் பறித்தாயிற்று.

அதே 1949இல் இன்னொரு சட்டம் கொண்டுவந்தார்கள், இந்திய பாகிஸ்தானிய வாசிகள் பிரசாவுரிமைச் சட்டம். பிரசாவுரிமைக்கு மனுப் போடலாம், கடைசித் தேதி 1951 ஆகஸ்ட் 5. கல்யாணமானவர்கள் 1946 ஜனவரி 1க்கு முந்தி ஏழு வருசம் தொடர்ந்து அங்கே இருந்ததைக் காட்ட வேண்டும். ஆகாதவர்கள் பத்து வருசம். அதற்குப் பிறகும் மனுப் போடுகிற நாள் வரை இடைவெளி கூடாது. ஒரு தடவை ஊருக்குப் போய் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் தங்கிவிட்டால் 'தொடர்ச்சி' அறுந்துபோகும். வருமானத்துக்குச் சான்று வேண்டும்.

இங்கே ஒரு விசயத்தைச் சொல்லாமல் போக முடியாது. காங்கிரஸ் தலைமை இந்தச் சட்டத்தை முதலில் பகிஷ்கரித்தது. கொள்கை அளவில் அது சரியாக இருக்கலாம். ஆனால் இருந்த அவகாசத்தில் பெரும்பகுதி அதிலேயே கரைந்து, முடிவை மாற்றிக்கொண்டபோது கடைசி மாதங்கள்தான் மிச்சம். வியாபாரியும் தோட்டம் வைத்திருந்தவனும் வக்கீல் வைத்துக்கொள்ள முடியும். லயத்துச் சனம் என்ன செய்யும்? லட்சக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் கிளாக்கர் வாசலில் போய் நின்றார்கள். ஏறத்தாழ 2 லட்சத்து 37 ஆயிரம் மனுக்கள், 8 லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களுக்காக.

பெரிய தாத்தாவின் மனுவும் அதில் ஒன்று. அவருக்கு இரண்டு தடங்கல். முதலாவது பெயர். தோட்டத்துச் செக்குரோலில் ஒரு பெயர், பிள்ளைகளின் பிறப்புப் பதிவில் இன்னொரு மாதிரி, மனுவில் மூன்றாவது மாதிரி. நம்ம ஊரில் நம்ம ஆட்களுக்கு நல்ல பெயர் வைக்க விட்டதில்லை. சுடலை, மாடன், கருப்பன், சின்னான். ஒரே தோட்டத்தில் பத்து சுடலை. அதைக் கணக்கப்பிள்ளை தன் காதில் விழுந்தபடி இங்கிலீசில் எழுதுவான். பத்துச் சுடலையில் எந்தச் சுடலை என்று விசாரணை அதிகாரி கேட்டால் சுடலை என்ன சொல்வான்? மேல்சாதிக்காரனுக்குப் பெயருக்குப் பின்னால் ஒரு வால் இருந்தது, ஊரில் நிலப்பத்திரம் இருந்தது. நமக்குச் சாதி இருந்தது, சாட்சி சொல்கிற காகிதம் இல்லை.

இரண்டாவது, அம்மா சாவு. 1946 கடைசியில் தன் தாய்க்கு முடியவில்லை என்று கேட்டு ஊருக்கு வந்தவர், கருமாதி முடிந்து, காய்ச்சலில் படுத்து, டிக்கெட்டுக்குக் காசு புரட்டித் திரும்பிப் போகப் பதினாலு மாசம் ஆகிவிட்டது. இரண்டு மாசம் கூடுதல். மூன்று மாதத்துக்குள் காரணம் காட்டச் சொல்லி நோட்டீஸ் வந்தது. அது வந்து சேர்ந்ததே தோட்டத்து ஆபீசுக்கு. படித்துச் சொல்ல ஆள் பிடிப்பதற்குள் ஒரு மாசம். 1957இல் தள்ளுபடி என்று கடிதம். மனுப் போட்டு ஆறு வருசம். "அம்மைக்குக் கொள்ளி வச்சதுதான்லா எங்கப்பன் செஞ்ச குத்தம்" என்று அத்தை சொல்லுவா.

இடையில் சும்மா இருக்கவில்லை. 1952இல் கொழும்பில் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் நடந்தது. கோடக்கன் பிள்ளை வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1953இல் தோற்றது. 1954 ஜனவரியில் நேருவும் கொத்தலாவலையும் தில்லியில் உட்கார்ந்து, நிலுவையில் இருக்கிற மனுக்களை இரண்டு வருசத்துக்குள் முடிக்க முயல்வதாக எழுதிக்கொண்டார்கள். பத்து வருசத்திலும் பிரச்சினை முடியவில்லை. முடிந்தபோது 8 லட்சத்தில் கிடைத்தது சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. மிச்சப் பேர் எந்த நாடும் இல்லாதவர்கள். ஓட்டு இல்லை, அரசாங்க வேலை இல்லை, தோட்டத்தை விட்டு வெளியே போனால் 'கள்ளத்தோணி' என்று பிடிப்பார்கள். ஆகவே தோட்டத்திலேயே கிடந்தார்கள். தோட்டத்துக்கு வேண்டியதும் அதுதானே? காலையில் பிரட்டுக்கு ஆள் குறையவில்லை, இலங்கையின் தேயிலை ஏற்றுமதியும் நிற்கவில்லை.

1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம். 9 லட்சத்து 75 ஆயிரம் பேரைக் கூறு போட்டார்கள். இந்தியாவுக்கு 5 லட்சத்து 25 ஆயிரம், இலங்கைக்கு 3 லட்சம், மீதி ஒன்றரை லட்சம் அப்புறம் பார்க்கலாம். (அதையும் 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள்.) பதினைந்து வருசத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்றார்கள். மனு வாங்கத் தொடங்கியதே 1968 மே மாதம். ஒப்பந்தம் எதிர்பார்த்ததை விடக் குறைவானவர்களே இந்தியாவுக்கு மனுப் போட்டார்கள். இருக்கிற மண்ணிலேயே இருக்கிறோம் என்றவர்கள்தான் அதிகம்.

இதில் ஒரு விகிதாச்சாரம் இருந்தது. இதை நம் மாணவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். 7 பேர் இந்தியாவுக்குப் போனால் 4 பேருக்கு இலங்கைப் பிரசாவுரிமை. போவதென்றால் மனுவில் பெயர் இருந்தால் பத்தாது, கப்பலேறிப் போயே ஆக வேண்டும் என்று 1970களின் தொடக்கத்தில் ஆக்கினார்கள். அதாவது ஒருவனுடைய மனு சரியா தப்பா என்பதற்கும் அவன் ஃபைல் நகர்வதற்கும் சம்பந்தம் இல்லை. பக்கத்து லயத்துக்காரன் மூட்டை கட்டினால் இவன் ஃபைல் நகரும்.

எங்கள் குடும்பத்தில் பக்கத்து லயம் கூட இல்லை, ஒரே அடுப்பு. பெரிய தாத்தா, 1957க்குப் பிறகு மனசு விட்டுப்போய், இந்தியாவுக்கு எழுதிக்கொடுத்தார். அத்தையும் மாமாவும் அவரோடு சேர்ந்து எழுதினார்கள். அத்தையின் அண்ணன், அங்கேயே பெண் எடுத்தவர், இலங்கைக்குப் போட்டார். அத்தைக்கு 1973இல் இந்தியப் பாஸ்போர்ட் கிடைத்தது. கிடைத்த நாளிலிருந்து அந்த மண்ணில் இருக்க விசா வேண்டும், தவணை முடிந்தால் வெளியேறு என்று நோட்டீஸ் வரும். ஆனால் சேமலாப நிதிக் காசு வராமல் எப்படிக் கிளம்ப? அது வர மூன்று வருசம். ஒரு கையால் போ என்றார்கள், இன்னொரு கையால் போகவிடாமல் பிடித்துக்கொண்டார்கள். அந்த மூன்று வருசமும் அண்ணன் இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கண்ணன் வாய விட்டுக் கேக்கல. ஆனா நீங்க எப்ப ஏறுவியன்னு அவன் கண்ணு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. அண்ணன் தங்கச்சி நடுவுல கப்பலக் கொண்டாந்து நிறுத்திட்டானுவ" என்று அத்தை சொன்னபோது அவளுக்கு எழுபது வயது. பெரிய தாத்தா கப்பலைப் பார்க்கவில்லை. 1975இல் லயத்திலேயே செத்துப் போனார், இந்தியக் குடிமகனாக.

தாயகம் திரும்பியோர் என்று அரசாங்கம் மரியாதையாகப் பெயர் வைத்தது. ஊரில் வைத்த பெயர் சிலோன்காரி. குடும்ப அட்டையும் வியாபாரக் கடனும் கொடுத்தார்கள். ஐயாயிரம் ரூபாய்க் கடனில் வெத்தலைபாக்குக் கடை போடு என்றால், சேரிக்காரி கடையில் ஊர்த் தெருவில் எவன் வெத்தலை வாங்குவான்? இதெல்லாம் எந்தத் திட்ட அறிக்கையிலும் வராது. அத்தை நாத்து நடப் போனாள்.

பிறகுதான் பெட்டிக்குள் புதுக் காகிதங்கள் சேரத் தொடங்கின. மகன் பத்தாவது முடித்தான், சாதிச் சான்றிதழ் வேண்டும். ஓர் அலுவலகத்தில் கேட்டார்கள்: நீ இந்தச் சாதிதான் என்பதற்கு என்ன ஆதாரம்? இலங்கைப் பத்திரத்தில் 'இந்தியத் தமிழர்' என்றுதான் போட்டிருக்கிறது, சாதி இல்லையே. பூர்வீக ஊர் ஆவணம் கொண்டு வா. தாத்தனுக்கு இங்கே பட்டா உண்டா? நிலம் வைத்திருக்க விடாதவனுக்குப் பட்டாவைக் கேட்டார்கள். (தாயகம் திரும்பிய பலருக்கு, குறிப்பாக நீலகிரியில், இதே கதை நடந்திருக்கிறது.) அத்தை அன்றைக்குக் கேட்ட கேள்வியை எங்கள் தெருவில் இன்றும் சொல்வார்கள்: "பஸ்ஸ விட்டு எறங்குன அன்னைக்கே டீக்கடைக்காரன் எனக்குத் தனிக் கிளாசுல ஊத்துனான். அவன் எந்த ஆதாரத்தப் பாத்தான்?" சான்றிதழ் வர ஒன்பது வருசம். மகன் அதற்குள் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான்.

1983க்குப் பிறகு தப்பி வந்தவர்களிலும் மலையகத்தார் உண்டு. தாமிரபரணிக் கரையில் கோபாலசமுத்திரத்திலும் ஒரு முகாம் இருக்கிறது. 2003இல் இலங்கை, 1964 முதல் அங்கேயே நிரந்தரமாக இருக்கும் இந்திய வம்சாவளியினருக்குப் பிரசாவுரிமை என்று சட்டம் போட்டது. ஐம்பத்தைந்து வருசத்துக்குப் பிறகு. அதே 2003இல் இந்தியா குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தி, சட்டவிரோதமாக வந்தவராகக் கருதப்படுபவரின் பிள்ளை இங்கேயே பிறந்தாலும் குடிமகன் ஆகமுடியாது என்றது. 2019 ஜூனில் மலையக வம்சாவளி முகாம்வாசிகள் போட்ட வழக்கில், அவர்கள் மனுக்களைப் பதினாறு வாரத்தில் முடிவு செய்யச் சொல்லி உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. அந்த டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையின் பெயரே இல்லை.

இங்கிலாந்திலும் இது நடந்தது. கரீபியத் தீவுகளிலிருந்து 1973க்கு முன் வேலைக்கு அழைத்துவரப்பட்ட கறுப்பு மக்களிடம் அரை நூற்றாண்டு கழித்து ஆதாரம் கேட்டார்கள். அவர்கள் வந்திறங்கிய சீட்டுகளை 2010இல் அந்த அரசாங்கமே அழித்திருந்தது, 2018இல்தான் வெளியே வந்தது. அவ்வளவு தூரம் கூடப் போக வேண்டாம். எங்கள் ஊரிலிருந்து தலையைத் தூக்கினால் மாஞ்சோலை மலை தெரியும். சிங்கம்பட்டி ஜமீன் நிலத்தை பம்பாய் பர்மா கம்பெனி 1929இல் 99 வருசக் குத்தகைக்கு எடுத்தது. அங்கே தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களுக்கும் ஒரு சென்ட் பட்டா இல்லை, 2024இல் விருப்ப ஓய்வு என்று எழுதி வாங்கினார்கள். அதே மாஞ்சோலைக்காரர்களுக்காக, சிறையில் இருந்த தொழிலாளர்களை விடு என்று மனுக் கொடுக்கப் போன ஊர்வலத்தைத்தான் 1999 ஜூலை 23இல் கொக்கிரகுளத்தில் போலீஸ் ஆற்றுக்குள் அடித்துத் தள்ளியது. பதினேழு பேர். அந்தச் செய்தி வந்த ராத்திரி அத்தை சாப்பிடவில்லை. "மனுக் குடுக்கத்தான போனாவ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

2009இல் அத்தை இறந்தாள். அண்ணனின் பேரன் நுவரெலியாவிலிருந்து போனில் அழுதான். அவனிடம் தேசிய அடையாள அட்டை இருக்கிறது. திருப்பூர்க்கார அத்தான் பெட்டியை ஆற்றில் போட்டுவிடலாம் என்றார், நான் வாங்கி வைத்துக்கொண்டேன். அடியில் கிடந்தது 1951ஆம் வருசத்துச் சீட்டு, மனு வந்து சேர்ந்தது என்பதற்கு. பெரிய தாத்தாவின் பெயர் அதிலும் தப்பாகத்தான் எழுதியிருக்கிறது.