சோர்வு ஒன்றா, பலவா?

துயரம் வேறு; துயரமே நோயாய் முற்றிவிடுதல் வேறு. பின்னதை மனச்சோர்வு நோய் என்பர் மருத்துவர். இந்நோய் ஒன்றா, பலவா என்னும் வினா பழமையானது. அதற்கு விடை காண்பதில் மருந்துகளே துணைபுரிந்தன என்பது வியப்புக்குரிய வரலாறு.

சுவிட்சர்லாந்தில் கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையிலுள்ள மூன்ஸ்டர்லிங்கன் மனநோய் மருத்துவமனையில் பணியாற்றியவர் ரோலண்ட் கூன். பாசல் நகரின் கெய்கி நிறுவனம் ஆக்கிய புதுமருந்து ஒன்றை அவர் முதலில் மனச்சிதைவு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார், பயன் இல்லை. 1956 ஜனவரியில் கடுஞ்சோர்வுற்ற பெண்மணி ஒருவருக்குக் கொடுத்தார். சில நாட்களில் அவர் தெளிவடைந்தார். அம்மருந்தே இமிப்பிரமின். 1957இல் கூன் தம் முடிவுகளை வெளியிட்டார்.

மருந்து எல்லாரிடமும் ஒரே விதமாய் வேலை செய்யவில்லை என்பதையும் அவர் கண்டார். விடியுமுன் விழிப்பு, காலையில் மிகுந்து மாலையில் தணியும் துயரம், நடையும் பேச்சும் மந்தமாதல் ஆகிய குறிகள் உடையோர் நன்கு தேறினர். அக்குறிகள் இல்லாதோரிடம் பயன் குறைந்தே காணப்பட்டது.

அவ்வாறாயின் ஏனையோர் கதி என்ன? காசநோய்க்குத் தரப்பட்ட ஐப்ரோனையசிட், நோயாளிகளின் உள்ளக் கிளர்ச்சியையும் கூட்டியதை நியூயார்க் மருத்துவர்கள் 1952இல் கண்டிருந்தனர். அச்சமும் படபடப்பும் மிக்க, வழக்கத்துக்கு மாறான சோர்வுடையோர்க்கு அது நலம் தருவதை வெஸ்ட், டேலி என்னும் லண்டன் மருத்துவர் இருவர் 1959இல் எடுத்துக்காட்டினர். கல்லீரலுக்கு ஊறு விளைத்ததால் அம்மருந்து பின்னர் பெரும்பாலும் கைவிடப்பட்டது. ஆயினும் அதன் இனத்தைச் சேர்ந்த பினெல்சினை, நியூயார்க்கின் கொலம்பியா ஆய்வாளர்கள் 1980களில் இமிப்பிரமினோடு ஒப்பிட்டபோது, அவ்வகைச் சோர்வில் பினெல்சினே மேம்பட்டு நின்றது.

பொய்யான எண்ணங்களை மெய்யென நம்பும் நிலை சோர்வோடு கலந்திருப்பின், இமிப்பிரமின் மட்டும் போதாது என்பதை 1975இல் கிளாஸ்மன் குழுவினர் காட்டினர். அத்தகையோர்க்கு வேறொரு மருந்தையும் சேர்த்தோ, மின்னதிர்வுச் சிகிச்சையாலோ பயன் கிட்டுகிறது. சோர்வும் மிகைக்களிப்பும் மாறிமாறி வருவோர்க்கோ, சோர்வகற்றும் மருந்தை மட்டும் கொடுப்பது களிப்பு வெறியைத் தூண்டிவிடவும் கூடும்.

இவ்வகைகளுக்கிடையே மதிற்சுவர் எழுப்புதல் இயலாது. ஒரே குறியுடைய இருவருள் ஒருவர் தேற, மற்றவர் தேறாதிருத்தலும் உண்டு. இன்னார்க்கு இன்ன மருந்து என முன்கூட்டியே அறுதியிடும் சோதனை இன்றும் வாய்க்கவில்லை. ஆகவே, ஒரு மருந்தால் தேறாதவரை மனவுறுதி அற்றவர் எனப் பழித்தல் அறியாமை. நோயின் வகையை மீண்டும் ஆராய்ந்து வேறு வழி காண்பதே மருத்துவர் கடன். அதுவரை பொறுமையோடு உடன் நிற்பது சுற்றத்தார் கடன்.