துண்டும் கடன் அறிக்கையும்

ஜொகூர் மாநிலத்தில், சிகாமட் மாவட்டத்துச் சாஆ வட்டாரத் தோட்டங்களில் உழைத்த நம் முன்னோர் லயத்து வீடுகளில் வாழ்ந்தார்கள். வேலை உள்ளவரை வீடு. வேலை போனால் வீடும் போகும்.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலோ கடனும் சேர்ந்து வீட்டைப் பிணைத்தது. அங்கே 'துண்டு' என்றொரு சீட்டு இருந்தது. இன்ன கடனைக் கட்டினால் இத்தொழிலாளரை விடுவிப்போம் என்று துரை அதில் எழுதித் தருவார். புதிய தோட்டம் அக்கடனை ஏற்றால்தான் புதிய லயத்தில் இடம். கணக்கு கங்காணியிடம், சுமை தொழிலாளரிடம். 1921-ஆம் ஆண்டுச் சட்டம் துண்டை ஒழித்தது.

இன்று நாம் தோட்டத்தை விட்டுப் பட்டணத்தில் வாடகை வீடு தேடுகிறோம். வீட்டுக்காரர் சிலர் முன்பணத்தோடு கடன் அறிக்கையும் கேட்கின்றனர். பேங்க் நெகாரா 2001-இல் தொடங்கிய சிசிரிஸ் பதிவேடு, வங்கிக் கடன்களைக் கடந்த 12 மாதங்களில் எப்படிக் கட்டினோம் என்று காட்டும். மளிகைக் கடைப் பற்றைத் தவறாமல் அடைத்தவரின் நாணயம் அதில் ஏறாது. கடனே வாங்காத சிக்கனக்காரருக்கும் ஏடு வெறுமையே. ஆகவே சம்பளச் சீட்டையும் பழைய வாடகை ரசீதுகளையும் பத்திரப்படுத்துவது நன்று.

துண்டுக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. தனியார் கடன் தகவல் நிறுவனங்களுக்கான 2010-ஆம் ஆண்டுச் சட்டம், நம் அறிக்கையை நாமே பார்க்கவும் பிழையைத் திருத்தக் கோரவும் உரிமை தருகிறது. பேங்க் நெகாராவிடமும் நம் பதிவைப் பெறலாம். துண்டு சுமந்தவர்களுக்கு இவ்வுரிமை இல்லை. வீடு தேடுமுன், நேயர்களே, நம் ஏட்டை முதலில் நாமே படித்துவிடுவோம்.