இளவட்டக்கல்

ரெம்பாவிலிருந்து லிங்கி ஆற்றுப்பக்கம் செல்லும் நேயர்கள் பெங்காலான் கெம்பாஸில் நட்டு நிற்கும் பழங்கற்களைக் கண்டிருப்பர். அருகே அகமது மஜானு என்பாரின் கல்லறை உளது; அதன் கல்வெட்டு 1467-ஆம் ஆண்டினது. கற்கள் வளர்வனவென்று நம்பிய மலாய்க்காரர் அவற்றைப் 'பத்து ஹீடுப்', அதாவது உயிருள்ள கல், என வழங்குவர். அங்குள்ள கல்லொன்றின் துளையில் கையை நுழைத்துப் பொய்யுரைப்பின் துளை இறுகிக் கையைப் பற்றிக்கொள்ளுமாம்! கல்லைக்கொண்டு மனிதனைச் சோதிக்கும் வழக்கம் நம்மவர்க்கும் புதிதன்று.

நம் முன்னோரின் சோதனைக்கல் இளவட்டக்கல். இளந்தாரிக்கல், கல்யாணக்கல் என்றும் பெயர்பெறும். மதுரை, நெல்லைச் சீமைச் சிற்றூர்களில் கோயில் முன்றிலிலோ மந்தையிலோ கிடக்கும். வழவழவென்று உருட்டிச் செதுக்கியதாதலின் விரல் பற்ற விளிம்பே இராது. எடையைவிட இதுவே பெருந்தொல்லை. குந்தியமர்ந்து இருகையாலும் அணைத்து, தொடைமேல் ஏற்றி, நெஞ்சோடு சேர்த்து உருட்டித் தோளுக்குக் கொணர்ந்து, பின்புறமாக எறிதல் வேண்டும். வெறும் வலிமையுடையான் தொடையளவில் நின்றுவிடுவான், முறையறிந்தவனே தோளேற்றுவான்.

இவ்வுருண்டை வடிவைப் பேருருவிற் காண விரும்புவோர் மாமல்லபுரம் செல்க. வானிறைக்கல் என்றும், பிற்காலத்தில் கண்ணனின் வெண்ணெய் உருண்டை என்றும் பெயர்பெற்ற பாறை, சுமார் 20 அடி உயரமும் 250 டன் எடையும் உடையதாய்ச் சரிவில் நிற்கிறது. பல்லவ மன்னர் அதனை அசைக்க முயன்று தோற்றனர் என்பது செவிவழிச் செய்தி. 1908-இல் சென்னைக் கவர்னர் ஆர்தர் லாலி ஏழு யானைகளைப் பூட்டி இழுக்கச் செய்தும் பயனில்லை என்பர். அதனைத் தேவர் எவரும் அங்கு வைத்தாரல்லர். வெயிலும் மழையும் சுற்றுப்பாறையை அரித்துத் தள்ள, எஞ்சி நிற்பதே அது. யானைக்கும் அசையாத கல்லை வியந்து நிற்கலாம், அவ்வளவே. சிற்றூரார்க்கு வேண்டியதோ ஒருவன் தூக்கத்தக்க கல். அதைத் தம் தோளுக்கேற்பச் செதுக்கிக்கொண்டனர்.

கல்லைத் தூக்கியவனுக்கே பெண் என்பது பழவழக்கு. ஏரும் ஏற்றமும் பிடித்து உண்ணவேண்டிய வீட்டார் மருமகனின் உடல் வலிமையை அறிய விரும்பியதில் நியாயம் உண்டு. ஆனால் பெண்ணின் உள்ளத்தை யார் கேட்டார்? குடிகாரனும் கல்லைத் தூக்குவான், கொடியவனும் தூக்குவான். நாள்தோறும் பால் நிறுத்துக் கணக்கெழுதும் கிராணிகளாகிய நமக்கு, மனிதரையும் எடையால் மதிக்கும் அவ்வழக்கு உவப்பாயில்லை.

அவ்வழக்கு ஒழிந்தது, விளையாட்டு ஒழியவில்லை. நெல்லை மாவட்டத்து வடலிவிளையில் பொங்கலன்று 45 கிலோ முதல் 129 கிலோ வரையுள்ள கற்களை வரிசையாக வைத்துப் போட்டி நடத்துகின்றனர். முன்னாளில் பரிசுப்பொருளாய் ஓரத்தில் நிறுத்தப்பெற்ற பெண்கள், இன்று அங்கே தாமே களத்திறங்கிக் கல்லைத் தூக்குகின்றனர். நம் தோட்டத்துப் பொங்கல் விழாக்களிலும் உறியடியோடு இதனைச் சேர்க்கலாம். 45 கிலோக் கல்லில் தொடங்கினாற் போதும்.